ஜோடிப் பொருத்தம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். வண்டி மாடு வாங்கினால் சுழி பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், ஏற்கெனவே கொட்டகையில் நிற்கும் மாட்டோடு உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். இத்தனை பார்த்தும் பிசகிப் போவதுண்டு. நமக்குப் பக்கத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் பெண் பார்த்து, நாள் குறித்து, மணப்பந்தல் வரை வந்த பிறகு, கிழவர் ஒருவர் பழைய ஓலையை நீட்டிக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. என் கதையிலும் ஒரு ஜோடி உண்டு. பொருத்தம் பார்த்ததும் உண்டு. கடைசி நேரத்தில் குட்டு உடைந்ததும் உண்டு. ஆனால் இது கல்யாணக் கதையன்று. ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு மானிட்டர் தேடிய கதை.

மாலை நேரங்களில் நான் உளுந்தூர்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. ஸ்டுடியோ அண்ணன் தம்முடைய பழைய கணினியை மலிவு விலைக்கு எனக்கே கொடுத்துவிட்டார். அதில் நல்லதொரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 14 மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 2025 மே மாதம் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 என்ற கார்டை வாங்கினேன். 8 ஜிபி நினைவகம் கொண்டது. 145 வாட் வரை மின்சாரம் இழுப்பது. அதற்காகப் பழைய பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியதாயிற்று.

வீட்டில் "எதற்கு?" என்று கேட்டார்கள். "படிப்புக்கு" என்றேன்.

இந்த ஒரு சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. கால்குலேட்டர் படிப்புக்கு, ரெக்கார்டு நோட்டு படிப்புக்கு, புதுச் செருப்புக்கூட ஒருமுறை படிப்புக்கு என்று வந்ததுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே படிப்புக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று என்னை மடக்கிக் கேட்க வீட்டில் ஆளில்லை. நான் சொன்னதில் பொய் எவ்வளவு என்று கேட்டால், முக்கால் பங்கு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வீடியோ வேலைக்குக் கார்டு உதவும் என்பது கால் பங்கு. மீதி முக்காலும் இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு கூடி ஆடும் வேலரன்ட் விளையாட்டு.

கார்டு வந்தது. பெட்டியைப் பிரித்துப் பொருத்திவிட்டு மானிட்டர் வயரைச் செருகப் போனால், செருக இடமில்லை! என்னிடம் இருந்தது ஸ்டுடியோவிலிருந்து வந்த 17 அங்குலச் சதுர மானிட்டர். அதன் முதுகில் இருந்தது நீல நிற விஜிஏ முனை ஒன்றுதான். 1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு அது. புதுக் கார்டிலோ எச்டிஎம்ஐயும் டிஸ்பிளேபோர்ட்டும் மட்டுமே இருந்தன. பத்துப் பொருத்தத்தில் 'ரஜ்ஜு' என்று ஒன்று உண்டு. ரஜ்ஜு என்றால் கயிறு. மற்ற ஒன்பதும் கூடிவந்து இது ஒன்று கூடாவிட்டால் ஜோசியர் ஜாதகத்தை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். எனக்குக் கயிறே பொருந்தவில்லை.

முந்நூறு ரூபாய்க்கு ஒரு மாற்றி வாங்கிச் செருகினேன். படம் வந்தது. 1280க்கு 1024 புள்ளி, வினாடிக்கு 60 படம். அம்பாரி சுமக்கும் யானையைக் கொண்டுவந்து முருங்கைக்கீரைக் கட்டைத் தூக்கவிட்டது போலிருந்தது. கார்டு வினாடிக்கு 150 படம் வரைந்து தள்ளினாலும் திரை காட்டுவது 60தான். மிச்சமெல்லாம் ஊருக்கு உபகாரமில்லாமல் காற்றோடு போயிற்று.

அன்று முதல் எனக்கு மானிட்டர்ப் பித்துப் பிடித்தது. இரவெல்லாம் விளம்பரங்களைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசை அங்குலம் அங்குலமாக வளர்ந்தது. 24 அங்குலத்தில் தொடங்கி 27 அங்குலத்துக்கு ஏறி, அங்கிருந்து 4கே திரையில் போய் நின்றது. அப்பா எங்கள் மல்லாட்டையை உளுந்தூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டுவிட்டு வந்த அன்று மெல்லப் பேச்சை எடுத்தேன். "இந்த மானிட்டர்ல எழுத்தெல்லாம் மங்கலா தெரியுதுப்பா. படிக்கக் கண்ணு வலிக்குது" என்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் 20,000 ரூபாயை எண்ணி ஒரு மஞ்சள் பையில் வைத்தார். "இவ்வளவு பணத்தோட உன்னைத் தனியா மெட்ராசுக்கு அனுப்ப முடியாது, நானும் வரேன்" என்று அவரும் கிளம்பிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கும் சேலத்துக்கும் பிரியும் இடம் நம் ஊர். ஆகவே பேருந்துக்குக் குறைவில்லை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்து, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அடைந்தபோது உச்சி வெயில். மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று சுற்றிலும் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மின்னணுப் பொருள்தான். வயர்ச் சுருள், பேட்டரி, கேமரா, கணினி. அப்பா என் சட்டைக் கையைப் பிடித்தபடியே நடந்தார். சந்தைக் கூட்டத்தில் சின்ன வயதில் நான் அவர் சட்டையைப் பிடித்து நடந்தது நினைவுக்கு வந்தது.

நுழைந்த கடையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"என்ன கார்டு தம்பி? என்ன கேம் ஆடுவீங்க?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா முந்திக்கொண்டு, "கேமெல்லாம் இல்லீங்க, படிக்கிறதுக்கு" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைக்காரர் 5060 என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுச் சிரித்தார். "படிக்கிறதுக்கு இந்தக் கார்டே வேண்டாங்களே ஐயா. கார்டு இல்லாமலேயே படிக்கலாம். ஏழாயிரம் ரூபா மானிட்டரு போதும்."

கடையில் விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். ஓலை வெளியே வந்துவிட்டது! பிறகு அவர் கடைக்காரரிடம் திரும்பி, "எதுக்குன்னு அவனையே கேளுங்க. அவன்தான் சொல்லணும்" என்றார். கோபமில்லாத குரல்தான். அதுதான் தாங்கவில்லை.

சொன்னேன். வேலரன்ட்டைச் சொன்னேன், கதையுள்ள பெரிய விளையாட்டுகள் இரண்டைச் சொன்னேன், ஸ்டுடியோ வேலையைச் சொன்னேன், 4கே வேண்டும் என்ற ஆசையையும் சொன்னேன். உண்மையைச் சொன்ன பிறகுதான் உருப்படியான பொருத்தம் பார்க்க முடிந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். சாதாரண முழு எச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 144 படம் வேண்டுமென்றால் முன்னதற்குக் கார்டு ஏறத்தாழ 30 கோடிப் புள்ளிகளை வரைய வேண்டும். பின்னதற்கு 119 கோடிக்கு மேல். என் கார்டு முழு எச்டியில் பெரும்பாலான விளையாட்டுகளைத் தாராளமாக இழுக்கும். நடுவிலுள்ள 2560க்கு 1440 திரையை, படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இழுக்கும். 4கே என்றால் கனமான புது விளையாட்டுகளில் மூச்சு வாங்கும். 8 ஜிபி நினைவகமும் இடிக்கும். "மானிட்டரு பளபளன்னு இருக்கும் தம்பி, ஆனா ஆட்டம் நொண்டும்" என்றார்.

இதுவரை வாயைத் திறக்காமல் நின்ற அப்பா கேட்டார்: "ஒரு மாடு வேகமா நடந்து, ஒரு மாடு மெதுவா நடந்தா வண்டி கோணிக்கும். அந்த மாதிரிங்களா?"

"அதேதான் ஐயா! ரெண்டும் ஒரே நடை நடக்கணும்."

"அப்ப வீட்டுல இருக்கிற மாட்டோட நடைக்குத் தோதா காட்டுங்க."

நான் பதினைந்து நாள் இரவு விழித்துத் தேடியும் பிடிபடாத சூத்திரத்தை அப்பா ஒரு வாக்கியத்தில் பிடித்துவிட்டார்.

அதன் பிறகு நடை, அதாவது ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளை 1880களில் சோதனையால் மெய்ப்பித்த ஹென்ரிக் ஹெர்ட்ஸின் பெயர், இன்று மானிட்டர்ப் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் நிற்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் சுமார் 7. 180 ஹெர்ட்ஸில் 5.6. எதிரி சுவரோரத்தில் தலைகாட்டும் விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 60லிருந்து 144க்குப் போவது பெரிய தாவல். ஒரு படத்துக்கு 9 மில்லி வினாடிக்கு மேல் மிச்சம். 144லிருந்து 240க்குப் போனால் மிச்சம் 3 மில்லி வினாடிக்கும் குறைவு. விலை ஏறும் அளவுக்குப் பயன் ஏறுவதில்லை.

கார்டின் நடை எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. வெட்டவெளிக் காட்சியில் 140 படம் வரைவது, புகையும் நெருப்புமான காட்சியில் 70க்கு இறங்கும். திரை மட்டும் கடிகாரம் போல் அடித்துக்கொண்டிருந்தால், மேல்பாதியில் ஒரு படமும் கீழ்ப்பாதியில் அடுத்த படமுமாகக் கிழிந்து தெரியும். இதற்கு மருந்து, கார்டு வரைந்து முடிக்கும்வரை திரையே காத்திருந்து காட்டுவது. என்விடியா இதை 2013இல் ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தது. ஏஎம்டியின் ஃபிரீசிங்க் திரைகள் 2015இல் வந்தன. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃபிரீசிங்க் வகைத் திரைகளோடு ஒத்துப்போகின்றன. ஆகவே ஜி-சிங்க் முத்திரைக்கென்று தனியாகக் காசு கொட்ட வேண்டியதில்லை. "முன்னாடி போற மாடு நின்னா பின்னாடி வர்றதும் நிக்கும், அவ்வளவுதான்" என்று அப்பா எனக்கே விளக்கினார்.

அடுத்தது திரையின் ஜாதி. கடைக்காரர் "டிஎன், விஏ, ஐபிஎஸ்னு மூணு இருக்கு" என்றதும் அப்பா நிமிர்ந்தார். டிஎன் என்றால் அவருக்கு வண்டி நம்பர்ப் பலகை. ஐபிஎஸ் என்றால் போலீஸ் அதிகாரி; உளுந்தூர்பேட்டையில் சிறப்புக் காவல் படையின் 10ஆம் அணி இருப்பதால் எங்கள் பக்கத்தில் அந்த மூன்றெழுத்துக்குத் தனி மரியாதை. "ஐபிஎஸ்தான் வேணும்" என்று விளக்கம் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதிர்ஷ்டவசமாகத் தீர்ப்பும் சரியாகவே இருந்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே இரண்டு வார்த்தை. திரவப் படிகம் என்ற விந்தைப் பொருளை 1888இல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற தாவரவியலறிஞர். முறுக்கிய அமைப்புள்ள டிஎன் திரைக்கு ஷாட், ஹெல்ஃபிரிச் என்ற இருவர் 1970இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை கோரினர். வேகமானது, ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறும். ஐபிஎஸ் வகையில் மூலக்கூறுகள் திரைக்கு இணையான தளத்திலேயே திரும்புவதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. கல்யாண வீடியோவில் பட்டுப்புடவையின் நிறம் சரிபார்க்க ஏற்றது. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். ஆனால் இருண்ட காட்சிகளில் ஓடும் உருவம் இழுபடுவதுண்டு. இதில் நம் பங்கும் உண்டு. சர் சி.வி. இராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், 1977இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் டிஎன் திரைகளின் பார்வைக் கோணத்தை அகலப்படுத்திய மெல்லிய படலம் அவ்வகைப் பொருளைக் கொண்டு செய்யப்பட்டதே.

முடிவில் எடுத்தது 24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ், ஃபிரீசிங்க் உள்ளது. 27 அங்குலத்தில் இதே புள்ளிகளைப் பரப்பினால் அங்குலத்துக்கு 92 புள்ளி என்பது 82 ஆகக் குறைந்து எழுத்து முரடாகும் என்று கடைக்காரரே தடுத்துவிட்டார். பெட்டியின் மேல் '1 மில்லி வினாடி' என்றிருப்பதை முழுதாக நம்ப வேண்டாம், அளக்கும் முறையைப் பொறுத்து அந்த எண் மாறும் என்றும் சொன்னார். கயிற்றுப் பொருத்தத்தை இந்த முறை நான் மறக்கவில்லை. டிஸ்பிளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். 10,400 ரூபாய். மீதி 9,600 மஞ்சள் பைக்குத் திரும்பியது.

திண்டிவனம் தாண்டும்வரை அப்பா பேசவில்லை. மானிட்டர்ப் பெட்டி எங்கள் இருவர் முழங்காலுக்கும் குறுக்கே இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வெளையாட்டுக்குன்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சியா?"

நான் பேசவில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்தான். இந்த வருஷம் வேண்டான்டா, அடுத்த வெள்ளாமைக்குப் பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன். நீ சண்டை போட்டிருக்கலாம். ஆனா படிப்புக்குன்னு சொல்லிட்டா எனக்குக் கேள்வி கேக்கத் தெரியாதேடா. மாடுன்னா கேப்பேன். மல்லாட்டைன்னா கேப்பேன். இதுல நீ சொல்றதுதான் எனக்கு."

அவ்வளவுதான் சொன்னார். செங்குறிச்சிச் சுங்கச்சாவடி விளக்குகள் தெரியும்வரை நான் தலை நிமிரவில்லை. அவர் எதையும் நம்பாமல் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். சந்தையில் அவரை ஏமாற்றியவர் குறைவு. அவரால் தட்டிப் பார்க்க முடியாத ஒரே பொருள் என் படிப்பு. அந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டு நான் அவரிடம் கை நீட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கேபிளைச் செருகினேன். கார்டில் செருகாமல் அவசரத்தில் கணினியின் தாய்ப்பலகையில் செருகி, படம் வந்தும் கார்டு சும்மா கிடந்தது தனிக்கதை. சரியாகச் செருகிய பிறகும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திரை அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸ் என்றே நின்றிருந்தது. 180 வாங்கி 60ல் ஆடும் புத்திசாலிகள் ஊரில் எத்தனை பேரோ! மாற்றிவிட்டுச் சுட்டியை இழுத்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் அம்புக்குறியையே பார்த்திருந்து, "இப்ப நடை நல்லாருக்கு" என்றார். அம்மா மட்டும் மின்கணக்குக் கேட்டார். கணினி, திரை எல்லாம் சேர்ந்து 300 வாட், நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 54. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டமில்லை என்று தீர்மானமாயிற்று. இந்த முறை நான் எண்களைக் குறைத்துச் சொல்லவில்லை.

மானிட்டர் வாங்கப் போகும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது சிறிதுதான். கார்டு எத்தனை படம் வரையும் என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ற புள்ளியும் ஹெர்ட்ஸும் தேடுங்கள். கயிறு பொருந்துகிறதா என்று பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எதற்கு வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடமும் வீட்டாரிடமும் ஒரே மாதிரியாகச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோச் சம்பளத்தில் மாதம் 1,000 ரூபாய் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்து வருகிறேன். முதல் மாதம் கொடுத்தபோது வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக்கொண்டு, மல்லாட்டைக் கணக்கு எழுதும் நோட்டைத் திறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்ற தம் பெரிய பெரிய எழுத்துகளில் எழுதினார்: "மானிட்டர், விளையாட்டு வகை. வரவு 1000."